பழமும் கீரையும் வைத்துச் சுருட்டிய லைட்டான ராப் (ரொட்டிச் சுருள்) மதியத்துக்குள் நசநசவென்று ஆகாமல் இருக்க என்ன செய்வது?

காலையில் சுருட்டி டப்பாவில் வைத்து, ஐந்தாறு மணி நேரம் கழித்துத் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். உடனே சாப்பிடுவதென்றால் நான் கீழே சொல்வதில் பாதி தேவையே இல்லை. வீடியோக்களில் வெட்டிய அந்த நிமிடமே படம் எடுத்துவிடுகிறார்கள். மதியம் ஒரு மணிக்கு அதே ராப்பைத் திறந்து காட்டுபவரைக் காணோம். அந்தக் கடுப்பில்தான் எழுதுகிறேன்.

கெடுப்பது தண்ணீர். அது கீரையிலிருந்து வரும், பழத்திலிருந்து வரும், தயிரிலிருந்தும் வரும்.

ஒரு ராப்புக்கு 30 கிராம் கீரை, அதாவது ஒரு பெரிய கைப்பிடி போதும். இளம் பசலை, லெட்டூஸ் எதுவானாலும் சரி. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் லெட்டூஸே எடுத்துக்கொள்ளட்டும், பசலையில் கல் உருவாக வழிவகுக்கும் ஆக்சலேட் அதிகம். கழுவி வடிகட்டியதோடு விடாமல் துணியில் பரப்பி, இன்னொரு துணியால் ஒற்றி, பத்து நிமிடம் ஆறவிடுங்கள். தொட்டால் விரலில் ஈரம் படக்கூடாது. இலைமேல் உப்பு தூவவே கூடாது. தூவினால் இலை தன் நீரையெல்லாம் விட்டுத் துவண்டுவிடும். உப்பு, மிளகு எல்லாம் ரொட்டியில் தடவும் பூச்சோடு போகட்டும்.

பூச்சுக்கு 100 கிராம் கெட்டித் தயிரைத் துணியில் கட்டி, ஃபிரிட்ஜில் நாலைந்து மணி நேரம் வடியவிடுங்கள். ஏறக்குறைய பாதி மிஞ்சும். அவசரமென்றால் இரண்டு மேசைக்கரண்டி கிரீம் சீஸ். கொழுப்பு கூடுதல் என்பதால் ஈரத்தை அது இன்னும் நன்றாகத் தடுக்கும். பால் பொருள் வேண்டாதவர்களுக்கு கெட்டியான ஹம்மஸ், அதாவது கொண்டைக்கடலை விழுது.

பழத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 60 கிராமுக்கு மேல் வேண்டாம். ஆப்பிளும் பேரிக்காயும் இதற்கென்றே பிறந்தவை: 3 மில்லிமீட்டர் கனத்தில் சீவி, ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு கலந்து மூன்று நிமிடம் போட்டு எடுத்து, ஈரத்தை ஒற்றிவிட்டால் கறுப்பது வெகுவாகக் குறையும். ஸ்ட்ராபெர்ரி, மாம்பழம் என்றால் வெட்டி ஐந்து நிமிடம் காகிதத் துண்டின்மேல் வைத்து எடுங்கள். தர்பூசணியும் ஆரஞ்சும் தனி டப்பாவில் போகட்டும்.

சூடுபடுத்தாத அன்னாசி, கிவி, பப்பாளி மூன்றையும் தயிரோடும் சீஸோடும் சேர்க்காதீர்கள். அவற்றின் நொதிகள் பால் புரதத்தைச் சிதைத்துவிடும்; சில மணி நேரத்தில் பூச்சு நீர்த்துக் கசக்கும். டின்னில் வரும் அன்னாசி சூடுபடுத்தப்பட்டது, அதில் இந்தத் தொல்லை கிடையாது. பழத்தைச் சாப்பாட்டில் போடுவதா என்று சண்டைக்கு வருபவர்கள் இனிப்பில்லாத பச்சை ஆப்பிளோடு தொடங்கிப் பார்க்கலாம், நான் வற்புறுத்தவில்லை.

இனி சுருட்டுவது. 25 சென்டிமீட்டர் டார்ட்டில்லாவை (ராப்புக்கான மெல்லிய ரொட்டி) எண்ணெய் விடாமல் பக்கத்துக்கு 15 முதல் 20 விநாடி சூடாக்கி, துணிக்குள் இரண்டு நிமிடம் மூடி வையுங்கள். குளிர்ந்து விறைத்த ரொட்டிதான் மடிக்கும்போது வெடிக்கும். அதற்காகச் சுடச்சுட நிரப்பினாலும் கீரை வதங்கிவிடும், வெதுவெதுப்பு போதும். ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் விட்டுப் பூச்சைத் தடவுங்கள். அதன்மேல் கீரையில் பாதி, பிறகு பழம், 40 கிராம் பனீர் துருவல், ஒரு மேசைக்கரண்டி வறுத்த வால்நட், கடைசியில் மீதிக் கீரை. பழம் ரொட்டியைத் தொடவே கூடாது, இருபுறமும் இலை காவல் நிற்க வேண்டும். இந்த அளவுகளைத் தாண்டி நிரப்பினால் எப்படிச் சுருட்டினாலும் பிளக்கும். நிரப்பியது உங்கள் பக்கமுள்ள மூன்றில் ஒரு பங்கில் இருக்கட்டும். பக்கவாட்டு ஓரங்களை முதலில் உள்ளே மடித்து, பிறகு இறுக்கிச் சுருட்டுங்கள்.

லைட்டாக இருக்க வேண்டும் என்று கேட்டதால் ஒன்று: 60 கிராம் எடையுள்ள டார்ட்டில்லாவே சுமார் 180 கலோரி. வால்நட்டில் இரண்டாவது கரண்டி போட்டால் லைட் என்ற பேச்சு முடிந்தது. பச்சை நிறத்தில் 'கீரை ராப்' என்று விற்பதை நம்பி ஏமாறவும் வேண்டாம். உட்பொருள் பட்டியல் எடை வரிசையில்தான் இருக்கும். கீரைப்பொடி கடைசி வரியில் இருந்தால் அது நிறத்துக்கு மட்டும்தான்.

வெண்ணெய்க் காகிதத்தில் இறுக்கிச் சுற்றி, மடிப்பு கீழே இருக்கும்படி ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைப்பதென்றால் டப்பாவோடு ஐஸ் பேக் கட்டாயம். வெட்டுவதைச் சாப்பிடும் நேரத்துக்கு ஒத்திப்போடுங்கள். பல் வைத்த கத்தியால் அறுப்பதுபோல் இழுத்து வெட்டுங்கள்; அழுத்தினால் இவ்வளவு நேரம் அடக்கி வைத்த சாறெல்லாம் ரொட்டிக்குள் இறங்கிவிடும்.