சவ்வைச் சேர்த்துப் பிடிப்பது எது? – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

செல்லின் உறையான செல் சவ்விலுள்ள பாஸ்போலிப்பிடுகள் என்ற கொழுப்பு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பால் இணைந்திருக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் சவ்வு ஏன் பிரிந்து போவதில்லை? பாடநூல் படத்தில் புரதங்கள் அங்கங்கே பதித்து வைத்ததுபோல் இருக்கின்றன. அவை நகருமா?

பிளஸ் ஒன் மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

சவ்வைச் சேர்த்துப் பிடித்திருப்பது தண்ணீர்தான். பாஸ்போலிப்பிடின் தலை தண்ணீரோடு சேரும். இரண்டு கொழுப்பு அமில வால்களும் சேராது. வால்களை ஒட்டி நிற்கும் நீர் மூலக்கூறுகள் விருப்பம்போல் திரும்ப முடியாமல் ஓர் ஒழுங்குக்குள் சிக்கிக்கொள்கின்றன. வால்கள் கூடி ஒதுங்கினால் நீருக்கு விடுதலை. கொழுப்பு கொழுப்பைத் தேடிச் சேர்கிறது என்பதைவிட, தண்ணீர் அதை ஒதுக்குகிறது என்பதே சரி. தலைகள் வெளியே, வால்கள் உள்ளே என்ற இரண்டடுக்கு இப்படித் தானாக அமைகிறது. அதில் சிறு துளை விழுந்தால் விளிம்பிலுள்ள வால்கள் நீரில் படும். அதனால் துளை மூடிக்கொள்ளவே முற்படும்.

இரண்டடுக்கு என்பதை 1925இல் முன்வைத்தவர்கள் நெதர்லாந்தின் கோர்ட்டரும் கிரெண்டலும். சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து நீர்ப்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். அதன் பரப்பு அணுக்களின் மேற்பரப்பைப் போல இரு மடங்கு இருந்தது. பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவுக்குள் வேறு சவ்வே கிடையாது என்பதால் அது மிகப் பொருத்தமான தேர்வு.

புரதங்கள் நகரும். இதைக் காட்டிய 1970ஆம் ஆண்டுச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. பிரை, எடிடின் என்ற ஆய்வாளர்கள் எலிச் செல்லையும் மனிதச் செல்லையும், செல்களை இணையவைக்கும் சென்டாய் வைரஸின் உதவியால் ஒன்றாக இணைத்தார்கள். எலிப் புரதங்களுக்குப் பச்சை, மனிதப் புரதங்களுக்குச் சிவப்பு என ஒளிரும் அடையாளம். முதலில் பாதி பச்சை, பாதி சிவப்பு. 37 டிகிரி செல்சியஸில் சுமார் 40 நிமிடங்களில் இரண்டும் செல் முழுக்கக் கலந்துவிட்டன! குளிரவைத்தபோது கலப்பு ஏறக்குறைய நின்றுபோனது. செல்லின் ஆற்றல் உற்பத்தியைத் தடுத்தபோதோ நிற்கவில்லை. ஆகவே செல் எதையும் இழுத்துச் செல்லவில்லை. புரதங்கள் தாமாகவே பரவியிருக்கின்றன. சவ்வு ஒரு பாய்மம் போன்றது, புரதங்கள் அதில் மிதக்கின்றன என்ற பாய்ம மொசைக் மாதிரியைச் சிங்கரும் நிக்கல்சனும் 1972இல் முன்வைத்தபோது இதுவும் ஒரு முக்கியச் சான்று. ஆனால் எல்லாப் புரதங்களும் இப்படி அலைவதில்லை. சில, அடியிலுள்ள செல் சட்டகத்தோடு பிணைக்கப்பட்டிருக்கின்றன.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்போலிப்பிடுகள் தம் அடுக்குக்குள் விரைவாக நகரும். ஓர் அடுக்கிலிருந்து மற்றதற்குத் தாமாகப் புரள்வது மிக அரிது. அதனால் உள்ளடுக்கும் வெளியடுக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. பாஸ்பாட்டிடைல்செரின் என்ற பாஸ்போலிப்பிட் பெரும்பாலும் உள்ளடுக்கிலேயே இருக்கிறது. அதை அங்கே வைத்திருக்கச் செல் ஆற்றலைச் செலவிடுகிறது. செல் தன்னழிவைத் தொடங்கும்போது அது வெளிப்புறத்தில் தோன்றுகிறது. விழுங்கு செல்கள் அதை அடையாளம் கண்டுதான் இறக்கும் செல்லை அப்புறப்படுத்துகின்றன.

அன்புடன்