சுபாருவின் காதலில் எது பலம், எது குறை? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, வணக்கம். நான் படிவம் ஐந்து படிக்கிறேன். எங்கள் தோட்டத்தில் கோயில் திடலில்தான் போன் லைன் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே உட்கார்ந்தே நானும் என் பெரியம்மா மகனும் 'ரீ ஜீரோ' என்ற அனிமேயை, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடரை, முதல் மூன்று சீசனும் பார்த்து முடித்தோம். அதன் ஹீரோ சுபாரு ஒன்றுக்கும் உதவாதவன், எப்போது பார்த்தாலும் அழுகிறான், காதலும் ஒட்டவில்லை என்கிறார் அண்ணன். எனக்கோ அந்தக் காதல்தான் பிடித்தது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? (மாணவி, சுங்கை சிப்புட்)

பதில்: தங்கச்சி, உன் பக்கம்தான் நான். ஆனால் அண்ணன் சொல்வதிலும் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. பார்க்காதவர்களுக்காக முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன், பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தை அப்புறம் படியுங்கள், ஏனென்றால் முக்கியமான இடங்களை எல்லாம் தொடப்போகிறேன்.

இது ஓர் இசேகாய் கதை. இசேகாய் என்றால் ஜப்பானிய மொழியில் வேறு உலகம். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே அடைந்து கிடந்த சுபாரு, ராத்திரி கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறான், கண்ணைக் கசக்கிப் பார்த்தால் வேறு உலகத்தில் நிற்கிறான். அங்கே அவனுக்கு வாளும் இல்லை, பெரிய மந்திரமும் இல்லை. செத்தால் காலம் பின்னால் போய்விடும், நடந்தது எல்லாம் அவனுக்கு மட்டும் நினைவிருக்கும், அவ்வளவுதான். அதை வெளியே சொல்லவும் முடியாது, வாயைத் திறந்தால் ஒரு கறுப்புக் கை வந்து நெஞ்சைப் பிடித்து நசுக்கும். தப்பேய் நாகட்சுகி 2012-இல் இணையத்தில் எழுதத் தொடங்கிய கதை இது. 2014-இல் புத்தகமாக வரத் தொடங்கியது, 2016-இல் வைட் ஃபாக்ஸ் நிறுவனம் அனிமேயாக எடுத்தது.

இப்போது காதலுக்கு வருவோம். சுபாரு அந்த உலகத்தில் சந்தித்த எமிலியா என்ற பெண்ணோடு நாலு நாள் பழகுகிறான், சிரிக்கிறான், அவளுக்காகச் செத்தும் போகிறான். காலம் திரும்பியதும் அந்த நாலு நாள் இவனிடம் இருக்கிறது, அவளிடம் இல்லை. இப்படியே திரும்பத் திரும்ப நடந்தால் மனசு என்ன ஆகும்? இவன் பக்கம் பாசம் மலையாகக் குவிந்து கிடக்கிறது, அவள் பக்கம் நேற்று அறிமுகமான ஒரு பையன். மற்ற இசேகாய் கதைகளில் ஹீரோ வந்து நின்றதுமே நாலு பெண்கள் விழுந்துவிடுகிறார்கள், அங்கே இந்தக் கேள்விக்கே இடம் கிடையாது.

முதல் சீசன் 13-ஆவது எபிசோடை அண்ணனை மறுபடி பார்க்கச் சொல். வராதே என்று எமிலியா சொல்லியும் அரண்மனைச் சபைக்குள் நுழைந்து, ஜூலியஸ் என்ற மாவீரனிடம் அடி வாங்கிக் கிடக்கிறான் சுபாரு. ஏன் எனக்காக இவ்வளவு செய்கிறாய் என்று அவள் கேட்கிறாள். உண்மையைச் சொல்ல வழியில்லை. கடைசியில் ஆத்திரத்தில், நீ எனக்குத் தீர்க்க முடியாத அளவுக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்று கத்திவிடுகிறான். உனக்காகத்தானே இவ்வளவும் செய்தேன் என்ற பேச்சை நம் வீடுகளில் எத்தனை தடவை கேட்டிருக்கிறோம்! செய்தவர் மனசில் அது பாசம், கேட்பவர் தலையில் அது கடன் கணக்கு. அந்தக் கணக்கை அவள் ஏற்கவில்லை, அவனை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறாள். ஹீரோவை இவ்வளவு அசிங்கமாகக் காட்ட எழுத்தாளருக்குத் துணிச்சல் வேண்டும். சுபாரு பலசாலியாக இருந்திருந்தால் இந்தக் காட்சியே வந்திருக்காது, அதனால்தான் அவன் பலவீனத்தை நான் குறையாகப் பார்க்கவில்லை.

மூன்றாம் சீசனில் எமிலியாவைக் கட்டாயக் கல்யாணம் செய்ய ரெகுலஸ் என்று ஒருத்தன் வருவானே, நினைவிருக்கிறதா? மூச்சுக்கு மூச்சு என் உரிமை, என் உரிமை என்பான், மனைவிகளைச் சிரிக்கக்கூட விடமாட்டான். அன்றைக்குக் கடன் பேசிய சுபாரு திருந்தாமலே வளர்ந்திருந்தால் இவனைப் போலத்தான் ஆகியிருப்பான் என்று எனக்குத் தோன்றியது. கதை அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, பக்கத்தில் வைத்துக் காட்டிவிட்டுப் போகிறது.

சரி, குறைகள். அந்தச் சண்டைக்குப் பிறகு முதல் சீசன் முடியப்போகிற நேரம் வரை எமிலியாவைக் காண்பதே அரிது. 25-ஆவது எபிசோடில் சுபாரு காதலைச் சொல்லும்போது அவனோடு நாம் 12 எபிசோட் அழுதிருக்கிறோம், அவள் என்ன நினைத்துக்கொண்டிருந்தாள் என்பது நமக்குத் தெரியாது. அவசரமாக ஒட்டவைத்த சமாதானம் அது. உன் அண்ணனுக்குக் காதல் ஒட்டாமல் போனதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டாம் சீசனில் (2020, 2021) எமிலியாவின் சிறுவயசுக் கதை வருகிறது, ரொம்பத் தாமதம். அதைவிட எனக்கு நெருடியது வேறொன்று. ஐஸுக்குள் பல வருஷம் உறைந்து கிடந்தவள் அவள், மனசளவில் இன்னும் சின்னப் பெண், முத்தம் கொடுத்தாலே பிள்ளை பிறக்கும் என்று நம்புகிறாள். அதைச் சிரிப்புக் காட்சியாக ஆக்கியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, இவளிடம் போய்க் காதல் சம்மதம் கேட்கலாமா என்ற கேள்வியைக் கதை நின்று யோசித்திருக்க வேண்டும்.

கேள்வி: சுபாருவை நேசிக்கிற ரெம் மாதிரி ஒரு பெண் கிடைத்தும் எமிலியாதான் வேண்டும் என்கிறானே, இது நியாயமா அக்கா? (செம்பனை ஆலைத் தொழிலாளி, தாப்பா)

பதில்: தம்பி, 18-ஆவது எபிசோடைப் பார்த்துவிட்டுத்தானே கேட்கிறீர்கள்? கிட்டத்தட்ட முழு எபிசோடும் இரண்டு பேர் நின்று பேசுவதுதான். எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிப்போகலாம் வா என்கிறான் சுபாரு. ரெம் அந்த வாழ்க்கையை, வீட்டை, பிள்ளைகளைக் கடைசி வரை கற்பனை செய்து சொல்லிவிட்டு, வேண்டாம் என்கிறாள். அவள் நேசிப்பது ஓடிப்போகாத சுபாருவை. தன் காதலை அவள் சொன்ன பிறகும் அவன், எனக்கு எமிலியாவைத்தான் பிடிக்கும் என்று உண்மையைச் சொல்கிறானே, அது கொடுமை இல்லை, மரியாதை. ஏமாற்றவில்லையே.

என் கோபம் எழுத்தாளர் மேல்தான். இரண்டாம் சீசன் தொடக்கத்திலேயே ரெம்மை எழுப்பமுடியாத தூக்கத்தில் போட்டு, அவள் பெயரையே உலகத்தின் நினைவிலிருந்து அழித்துவிடுகிறார். கதைப்படி காரணம் உண்டு. ஆனாலும் இரண்டு பெண்களுக்கு நடுவில் நிற்கிற ஒருவன் பேசித் தீர்க்கவேண்டியதை ஒருத்தியைத் தூங்கவைத்துத் தள்ளிப்போட்ட மாதிரிதான் எனக்குப் படுகிறது. இந்த அனிமேயிலேயே எனக்கு மனசில் நின்ற காதல், கிழவர் வில்ஹெல்முடையது. மனைவியைக் கொன்ற வெள்ளைத் திமிங்கிலத்தை 14 வருஷம் தேடித் திரிந்தவர். பூ பிடிக்குமா என்று ஒரு பெண் கேட்டதில் தொடங்கிய கதை, அதற்குக் கிடைத்தது கொஞ்ச நேரம்தான், ஆனால் ஒரு நிமிஷம்கூட வீணில்லை.

கேள்வி: ராத்திரியில் என் மகள் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அழுகிறாள். பத்து வயசு மகனும் எட்டிப் பார்க்கிறான். விடலாமா? (ஓர் அம்மா, சுங்கை சிப்புட்)

பதில்: அக்கா, பையனுக்குக் கண்டிப்பாக வேண்டாம். பொம்மைப்படம் மாதிரி தெரிந்தாலும் ரத்தமும் சித்திரவதையும் நிறைய, முதல் சீசன் 15-ஆவது எபிசோடை நானே பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய் உட்கார்ந்தேன்.

மகளோடு நீங்களும் ஒரு நாள் உட்காருங்கள், இரண்டாம் சீசன் நாலாவது எபிசோடுக்கு. அதில் ஒரு சோதனையில் சுபாரு மறுபடி தன் வீட்டில் கண்விழிக்கிறான். அப்பாவிடம் அழுது மன்னிப்புக் கேட்கிறான். அப்புறம் சீருடை போட்டுக் கிளம்புகிறான், அம்மா கூடவே நடந்து வந்து, போயிட்டு வா என்கிறார். ஜப்பானியரும் நம்மைப் போலத்தான், வெறுமனே போ என்று சொல்வதில்லை. நாலரை மணி இருட்டில் பிரட்டுக்கு (தோட்டத்தில் காலை ஆள் கணக்கெடுப்புக்கு) கிளம்பும் என் அம்மாவும் ஒரு நாளும் போகிறேன் என்று சொன்னதில்லை, போயிட்டு வரேன் என்றுதான். அங்கே சுபாரு பார்ப்பது அவன் நினைவில் இருக்கும் அம்மாவை. நிஜ அம்மாவுக்கு மகன் எங்கே போனான் என்றே தெரியாது. வேறு உலகத்துக்குப் போகிற கதைகள் விட்டுவந்த வீட்டைப் பெரும்பாலும் மறந்துவிடும், இது 29-ஆவது எபிசோடிலாவது திரும்பிப் பார்த்தது.

அன்றைக்கு மட்டும் தம்பியைச் சீக்கிரம் தூங்கவைத்துவிடுங்கள் அக்கா.