நள்ளிரவில் அணையும் சர்வர்: மதர்போர்டை மாற்றும் முன்

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த்தில் சிறிய கணக்கு அலுவலகம் நடத்துகிறோம். விண்டோஸ் ஓடும் டவர் சர்வர் ஒன்று, அதில் ஒரே ஒரு பவர் சப்ளை, கூடவே 1500 விஏ யூபிஎஸ் (கரண்ட் போனால் பேட்டரியில் தாங்கும் பெட்டி). இரண்டும் வாங்கி நான்கு வருடம் ஆகிறது. மே 6, மே 20, ஜூன் 3 ஆகிய மூன்று நாளும் காலையில் வந்து பார்த்தால் சர்வர் அணைந்து கிடந்தது. அந்த இரவுகளில் லோட் ஷெட்டிங் (முறை வைத்துச் செய்யும் மின்வெட்டு) கிடையாது. யூபிஎஸ்ஸில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பட்டனை அழுத்தினால் சர்வர் உடனே கிளம்பிவிடுகிறது. டெக்னீஷியன் மதர்போர்டை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போது மாற்றாதீர்கள். நீங்கள் எழுதிய தேதிகளையே மறுபடி பாருங்கள். சரியாக 14 நாள் இடைவெளி, மூன்றும் ஒரே கிழமை. பழுதான மதர்போர்டு நாள் பார்த்து அணையாது. 14 நாளுக்கு ஒருமுறை தவறாமல் நடக்கிற வேலை ஒன்று உங்கள் அலுவலகத்தில் இருக்கக்கூடும்: யூபிஎஸ்ஸின் சுயசோதனை. பல யூபிஎஸ்கள் ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை சில விநாடிகள் சுமையை பேட்டரிக்கு மாற்றிப் பார்க்கும்படி அமைக்கப்பட்டே வருகின்றன. பேட்டரி செத்திருந்தால் அந்தச் சில விநாடிகளில் மின்னழுத்தம் சரிந்து சர்வருக்குப் போகும் மின்சாரம் அறுந்துவிடும். பிறகு யூபிஎஸ் மெயின் கரண்டுக்குத் திரும்பிப் பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

இது வலுவான சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. உறுதி செய்யாமல் பேட்டரிக்கும் பணம் கொடுக்காதீர்கள். சர்வர் எப்படி அணைந்தது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். தானாக முறைப்படி ஷட்டவுன் ஆனதா, ஓடிக்கொண்டிருந்தபோதே கரண்ட் அறுந்ததா, உள்ளே ஏதோ பாகம் தன்னைக் காத்துக்கொள்ள அணைத்ததா? மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

விண்டோஸில் நடந்தவற்றின் பதிவைக் காட்டும் ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பதிவில் நான்கு எண்களைத் தேடுங்கள். 1074 இருந்தால் யாரோ, அல்லது ஏதோ ஒரு மென்பொருள், ஷட்டவுன் கட்டளை கொடுத்திருக்கிறது; யார் கொடுத்தது என்ற பெயரும் அதிலேயே இருக்கும். 6006 இருந்தால் அணைந்தது முறைப்படி. 6008-உம் கெர்னல்-பவர் 41-உம் இருந்தால் முறைப்படி அணையவில்லை. இந்த 41-ஐப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அது காரணத்தைச் சொல்வதில்லை. “போன முறை ஒழுங்காக அணையாமல் போனேன்” என்று அடுத்த முறை கிளம்பும்போது எழுதப்படும் குறிப்பு மட்டுமே. அதன் நேரமும் நீங்கள் காலையில் பட்டனை அழுத்திய நேரம்தான். அணைந்த நேரம் 6008-க்குள் இருக்கும், சில நிமிடங்கள் முன்பின் இருக்கலாம். 41-இன் விவரப் பகுதியில் பக்செக் கோட் 0 என்றிருந்தால் நீலத்திரைப் பிழை (விண்டோஸே நிலைகுலைந்து நிற்பது) பதிவாகவில்லை. கரண்ட் போயிருக்கலாம், அல்லது இயந்திரம் அப்படியே உறைந்திருக்கலாம். 0 அல்லாத எண் இருந்தால் டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்), மெமரி பக்கம் தேட வேண்டும்.

மூன்று இரவின் நேரங்களையும் ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒரே மணி என்றால் சுயசோதனை மீதான சந்தேகம் இன்னும் இறுகும்.

அடுத்து, பலர் திறந்தே பார்க்காத ஒரு பதிவு இருக்கிறது. டவர் சர்வர்களில் பெரும்பாலும் தனி மேலாண்மைச் சில்லு ஒன்று உண்டு. டெல்லில் ஐடிராக், எச்பியில் ஐஎல்ஓ என்று பெயர். சர்வர் அணைந்திருந்தாலும், பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை அது விழித்திருக்கும். அதனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: அன்றிரவு நீயும் மறுபடி கிளம்பினாயா? அதுவும் அதே நேரத்தில் புதிதாகக் கிளம்பியிருந்தால் கரண்ட் சர்வரின் பின்புறம் வரைக்கும் வரவில்லை என்று பொருள். யூபிஎஸ், கேபிள், சுவரில் உள்ள பாயின்ட் ஆகியவற்றைத் தேடுங்கள். பவர் சப்ளையே முழுதாகத் துவண்டாலும் இதே அடையாளம்தான் வரும், அதையும் மனதில் வையுங்கள். மாறாக, சில்லு இடைவிடாமல் ஓடியிருக்க, சர்வர் மட்டும் அணைந்திருந்தால் கோளாறு பெட்டிக்குள். அப்போதுதான் மதர்போர்டு பேச்சுக்கே இடம். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். ஒரு எச்சரிக்கை: அந்தச் சில்லின் கடிகாரம் பல இடங்களில் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நம் நேரம் அதைவிட 2 மணி முன்னே. இரவு 12:10 என்று அதில் இருந்தால் இங்கே 2:10. இதைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு பதிவையும் ஒப்பிட்டால் ஒன்றுக்கொன்று பொருந்தவே பொருந்தாது.

இனி யூபிஎஸ் சோதனை. சர்வரை முறைப்படி அணைத்து, அதன் கேபிளை யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றுங்கள். பதிலுக்கு ஒரு பழைய டெஸ்க்டாப்பும் மானிட்டருமாக ஏறக்குறைய அதே சுமையைப் போடுங்கள். இப்போது சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம். பிடுங்கினால் எர்த் இணைப்பும் போய்விடும். நல்ல பேட்டரி என்றால் யூபிஎஸ் பீப் அடித்தபடி நிமிடக்கணக்கில் தாங்கும். செத்த பேட்டரி என்றால் சுவிட்ச் விழுந்த சில விநாடிக்குள் மானிட்டர் இருண்டுவிடும்.

இந்த அளவு யூபிஎஸ்ஸில் பெரும்பாலும் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்து 24 வோல்ட் தரும். யூபிஎஸ்ஸை முழுதாக அணைத்துக் கழற்றிய பின் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் தனித்தனியாகப் பாருங்கள். முழுச் சார்ஜில், சில மணி நேரம் ஓய்வில் இருந்தபின் 12.7 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். ஒன்று 12.8, இன்னொன்று 11 என்றால் காரணம் கையில் கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டும் 12.8 காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். சுமை ஏறியதும் ஒன்று 10.5-க்குக் கீழே விழும் பேட்டரிகள் உண்டு. சுமைச் சோதனையின் பதில்தான் பெரிது. பக்கவாட்டைத் தடவிப் பாருங்கள், தட்டையாக இருக்க வேண்டிய இடம் தலையணை போல உப்பியிருந்தால் மேலே சோதிக்கவே தேவையில்லை. மாற்றும்போது இரண்டையும் ஒரே கம்பெனி, ஒரே தேதிக் குறியீட்டில் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் சீக்கிரம் கெடுத்துவிடும்.

நான்கு வருடத்தில் பேட்டரி போவது நம் நாட்டில் இயல்புதான். இந்த வகை ஈய பேட்டரிக்கு 20 முதல் 25 டிகிரி வெப்பத்தில் 3 முதல் 5 வருட ஆயுள். அதற்குமேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். டர்பன் கோடையில், ஏசி அணைந்த பூட்டிய அறையில், மேஜைக்கடியில் அது என்ன பாடுபட்டிருக்கும்! அதோடு 2022, 2023-இல் ஸ்டேஜ் 6 என்ற கடுமையான கட்ட லோட் ஷெட்டிங்கில் ஒரே நாளில் பலமுறை முழுதாகக் காலியாகி, அடுத்த சுற்றுக்குள் முழுதாக ஏற நேரம் கிடைக்காமல் தவித்த பேட்டரிகள் ஏராளம். 2024 மார்ச் 26-க்குப் பிறகு நீண்ட காலம் கரண்ட் நிற்காததால் அந்தச் சேதம் வெளியே தெரியவில்லை. இப்போது சுயசோதனை வந்து காட்டிக்கொடுக்கிறது.

சுமைச் சோதனையில் யூபிஎஸ் நன்றாகத் தாங்கினால் மற்றவற்றைப் பாருங்கள். அன்றிரவு விளக்கு, அலாரம் எல்லாம் இருக்க பிளக் பாயின்ட்கள் மட்டும் செத்தால் டிபி போர்டில் (கட்டடத்தின் மின்பகிர்வுப் பெட்டி) எர்த் லீக்கேஜ் என்ற மின்கசிவுப் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்திருக்கும். ஆனால் அது தானாக ஏறாது, காலையில் நீங்களே ஏற்றியிருப்பீர்கள். சர்வரின் பின்னால் கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று மெல்ல அசைத்துப் பாருங்கள். மூன்று தடித்த உருண்டை முனைகள் செருகும் பாயின்ட்டில் மல்டிபிளக் மேல் மல்டிபிளக் செருகியிருந்தால் அதை இன்றே எடுங்கள். பழுப்பேறிய பிளாஸ்டிக் தெரிந்தால் அந்தப் பாயின்ட்டை எலக்ட்ரீஷியன் பார்க்கும்வரை பயன்படுத்த வேண்டாம்.

பெட்டிக்குள்தான் கோளாறு என்று மேலாண்மைப் பதிவு சொன்னால் முதலில் வெப்பம். ஃபேன் நின்றோ, சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட்சிங்க்கில் தூசு அடைத்தோ சூடேறினால் பிராசசர் முதலில் வேகத்தைக் குறைக்கும், எல்லை தாண்டினால் இயந்திரத்தையே வெட்டும். பதிவில் வெப்ப எச்சரிக்கை இருக்கும். அடுத்து பவர் சப்ளை. அதே மாடலைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதே நம்பகமான வழி. அதைத் திறந்து பார்க்காதீர்கள், கேபிளைக் கழற்றிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். மதர்போர்டு கடைசியில்தான். மின்தேக்கிகளின் தலை உப்பியோ கசிந்தோ இருந்தால் மட்டும் முன்னால் கொண்டுவரலாம்.

மிச்சம் ஒரு கேள்வி: கரண்ட் ஒரு நொடியில் திரும்பியும் சர்வர் ஏன் காலைவரை அணைந்தே கிடந்தது? பயாஸில் (சர்வர் கிளம்பும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) ஏசி பவர் ரெகவரி என்ற அமைப்பு ‘ஆஃப்’ என்றிருக்கும். ‘ஆன்’ என்று மாற்றுங்கள். ‘லாஸ்ட்’ (முன்பிருந்த நிலைக்கே திரும்புவது) போதாது, யூபிஎஸ் மென்பொருள் முறைப்படி அணைத்த சர்வரை அது அணைந்த நிலையிலேயே விட்டுவிடும். அதே மென்பொருளில், அணைத்தபின் யூபிஎஸ் தன் வெளியீட்டையும் ஒருமுறை வெட்டித் திரும்பத் தரும்படி அமையுங்கள். இல்லாவிட்டால், அணைக்கும் வேளையில் மெயின் கரண்ட் திரும்பினால், கரண்ட் போய் வந்ததே சர்வருக்குத் தெரியாது.

பேட்டரி மாற்றியதும் முதல் சுயசோதனையை இரவுக்கு விடாமல், ஆட்கள் இருக்கும் ஒரு மதியவேளையில், பேக்கப் எடுத்துவிட்டு, நீங்களே யூபிஎஸ்ஸின் பட்டனை அழுத்தி நடத்துங்கள்.