ராதிகாவின் திரைவாழ்க்கை: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

ராதிகாவைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொன்னதும் நிறையவே வந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். கல்யாணம், கட்சி, தேர்தல் பற்றிக் கேட்டவர்களுக்கு இங்கே பதில் கிடையாது. திரையில் செய்த வேலையைப் பற்றி மட்டும்தான்.

"அலைகள் ஓய்வதில்லை" படத்தில் அறிமுகமானபோது ராதிகாவுக்கு என்ன வயது?

அது ராதா. அம்பிகாவின் தங்கை. படம் வந்தது 1981-ல். ராதிகா அதற்கு மூன்று வருடம் முன்பே, 1978-ல், "கிழக்கே போகும் ரயில்" படத்தில் வந்துவிட்டார். இரண்டு பேரையும் அறிமுகப்படுத்தியவர் பாரதிராஜா என்பதால் குழப்பம் வரலாம், சரி. ஆனால் இந்தக் கேள்வியை ஏழெட்டுப் பேர் அனுப்பியிருக்கிறீர்கள். அனுப்புவதற்கு முன் படத்தின் ஒரு ஸ்டில்லையாவது பார்த்திருக்கலாமே.

நிரோஷா அவருடைய தங்கையா? ராதாரவி?

நிரோஷா தங்கை. ராதாரவி, ராதிகாவின் அப்பா எம்.ஆர். ராதாவின் இன்னொரு தாரத்து மகன், ராதிகாவுக்கு அண்ணன் முறை.

எம்.ஆர். ராதாவின் மகள் என்பதால்தானே முதல் படத்திலேயே கதாநாயகி வாய்ப்பு கிடைத்தது?

பாரதிராஜாவின் அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தவர் இப்படிக் கேட்கமாட்டார். அவர் பெரும்பாலும் தேடியது புதுமுகம்தான். ஹீரோ சுதாகரும் புதுசு. பதினாறு வயசுப் பெண், நடிப்புப் பயிற்சி என்று எதுவும் இல்லை, அவரைக் கொண்டுவந்து கிராமத்துப் பாஞ்சாலியாக நிறுத்தினார்.

படத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஊரை விட்டுப் போன காதலன் பரஞ்சோதி ரயிலின் கடைசிப் பெட்டியில் சேதி எழுதி அனுப்புவான், பாஞ்சாலி தண்டவாளத்தோரம் நின்று அதைப் பார்க்க வேண்டும். ரயில் நிற்காது. அது தாண்டிப் போகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் தேடுவது, கண்டுபிடிப்பது, படிப்பது, முகம் மாறுவது எல்லாம் நடந்தாக வேண்டும், வசனம் துணைக்கு வராது. அப்பா பெயர் கேமரா முன்னால் நிற்கிற வரைக்கும் கூட்டிக்கொண்டு போகலாம். இந்த வேலையை அவரேதான் செய்தாக வேண்டும்.

மொத்தம் எத்தனை படங்கள்? ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எண் போட்டிருக்கிறார்கள்.

எண்ணிக்கைச் சண்டையை நான் எப்போதும் தவிர்க்கச் சொல்வேன், இங்கேயும் அதையே சொல்கிறேன். டப்பிங் படத்தை நேரடிப் படமாக எண்ணாதீர்கள். "சிப்பிக்குள் முத்து" தமிழ்ப் படம் கிடையாது. கே. விஸ்வநாத் இயக்கிய "சுவாதி முத்யம்" என்ற 1986 தெலுங்குப் படம், கமலோடு நடித்தது, அந்த வருடம் இந்தியாவின் சார்பில் ஆஸ்கருக்கு அனுப்பப்பட்டது. அதையே தெலுங்குக் கணக்கில் ஒன்று, தமிழ்க் கணக்கில் ஒன்று என்று இரண்டாக எழுதிவைத்தால் எண் எப்படிப் பொருந்தும்? தெலுங்கில் சிரஞ்சீவியோடு "நியாயம் காவாலி", "அபிலாஷா" என்று ஒரு வரிசை, இந்தியில் ரிஷி கபூரோடு "நசீப் அப்னா அப்னா", இவற்றோடு கன்னடம், மலையாளம். பல நூறு என்று வைத்துக்கொண்டு படங்களைப் பார்க்கப் போங்கள்.

"நசீப் அப்னா அப்னா" தமிழ்ப் படத்தின் ரீமேக்தானே? தமிழிலும் அவர்தான் நடித்தாரா?

ரீமேக்தான். மூலம் "கோபுரங்கள் சாய்வதில்லை", 1982. தமிழில் அந்த வேடத்தைச் செய்தவர் சுஹாசினி.

அவருக்கு தேசிய விருது கிடைக்கவில்லையே, வருத்தமாக இல்லையா?

கிடைத்திருக்கிறது. சிறந்த நடிகைக்கானது இல்லை, தயாரிப்பாளராக. பிரதாப் போத்தன் முதன்முதலாக இயக்கிய "மீண்டும் ஒரு காதல் கதை" அறிமுக இயக்குநரின் சிறந்த படத்துக்கான இந்திரா காந்தி விருதைப் பெற்றது. அந்த விருது இயக்குநருக்கும் தயாரிப்பாளருக்கும் சேர்த்துக் கொடுப்பது. தயாரிப்பாளர் ராதிகா. மனவளர்ச்சி குன்றிய இருவரின் காதல் கதை, அதில் நடித்ததும் அவரே. கமர்ஷியல் நாயகியாக வரிசையாகப் படம் பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், இருபதுகளின் தொடக்கத்தில், இந்த மாதிரிக் கதைக்குச் சொந்தப் பணம் போட்டிருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பதிலைப் படியுங்கள்.

சினிமா வாய்ப்பு குறைந்ததால்தானே சீரியலுக்கு வந்தார்? "சித்தி" வராமல் இருந்திருந்தால் அவரை எல்லாரும் மறந்திருப்பார்கள் இல்லையா?

இதை எழுதியவர் மட்டுமில்லை, பத்திரிகைகளிலும் யூடியூபிலும் இருபது வருடமாக இதே வரியை ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு இதில் கோபம் வருகிறது, மறைக்கவில்லை.

முதலில் தேதியைப் பாருங்கள். படமோ தொடரோ, எதைச் சொன்னாலும் வெளிவந்த வருடத்தைப் பக்கத்தில் எழுதிக்கொண்டு பேசுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! "கிழக்குச் சீமையிலே" 1993. "பசும்பொன்" 1995, சிவாஜி கணேசனும் பிரபுவும் இருக்கிற படத்தில் கதையைத் தாங்குகிற வேடம். "ஜீன்ஸ்" 1998, அந்த வருடத்தின் பெரிய படங்களில் ஒன்று. "சித்தி" தொடங்கியது 1999 டிசம்பரில். எங்கே வாய்ப்பு குறைந்தது? கதாநாயகி வேடம் குறைந்தது என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். முப்பதைத் தாண்டிய நடிகைக்குத் தமிழ் சினிமா அன்றைக்கு என்ன கொடுத்தது? அண்ணி, அம்மா, இரண்டு அழுகைக் காட்சி. "கிழக்குச் சீமையிலே" விருமாயி மாதிரி ஒன்று பத்து வருடத்துக்கு ஒரு முறை வரும். கல்யாணமாகி வண்டியேறிப் போகிற தங்கச்சியாகவும், பிள்ளைகள் வளர்ந்தபிறகு அண்ணனுக்கும் புருஷனுக்கும் நடுவில் கிடந்து கிழிபடுகிற பெண்ணாகவும் ஒரே படத்தில் இரண்டு வயசு. பின்பாதியில் அந்தப் பெண்ணின் நடையே கனத்துப் போயிருக்கும். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்றுதான். அப்படி நடிக்கத் தெரிந்த ஒருவர் பத்து வருடம் காத்திருக்க வேண்டுமா?

இரண்டாவது, "சீரியலுக்கு வந்தார்" என்கிறீர்களே, யாரோ கூப்பிட்டு நடிக்க வந்தவர் மாதிரி. "சித்தி" அவருடைய சொந்த நிறுவனமான ராடான் தயாரித்தது. அந்தக் காலத்து சன் டிவியில் ஸ்லாட் முறை, அதாவது ஒளிபரப்பு நேரத்தைத் தயாரிப்பாளர் வாங்குகிற முறை, எப்படி என்று தெரிந்தால் இதன் எடை புரியும். தயாரிப்பாளர் அரை மணி நேரத்துக்குச் சேனலுக்கு ஒளிபரப்புக் கட்டணம் கட்ட வேண்டும். பதிலுக்குச் சில நிமிட விளம்பர நேரம் அவர் கைக்கு வரும், அதை அவரே கம்பெனிகளிடம் விற்று, அதிலிருந்துதான் நடிகர் சம்பளம், வீட்டு வாடகை, யூனிட் சாப்பாடு எல்லாம். டிஆர்பி விழுந்தால் விளம்பர விலை விழும், ஆனால் கட்டணம் அப்படியே நிற்கும். வாரம் ஐந்து நாள், எபிசோட் கையில் இல்லாவிட்டால் அன்றைக்குத் திரையில் காட்ட ஒன்றும் இருக்காது. காலையில் "சித்தி"யின் சாரதாவாக மேக்கப் போட்டு நிற்கிறவர்தான் சாயந்திரம் கணக்கும் பார்க்க வேண்டும். இதைத்தான் "வாய்ப்பில்லாமல் வந்தார்" என்று ஒரு வரியில் முடிக்கிறார்கள். ஒரு ஹீரோ சொந்த பேனர் தொடங்கினால் "அடுத்த கட்டத்துக்கு நகர்ந்தார்" என்று எழுதுகிற அதே கைகள்.

"சித்தி" 2001 நவம்பர் வரை ஓடியது. தெலுங்கில் "பின்னி" என்று போய் அங்கேயும் பிடித்துக்கொண்டது. அப்புறம் "அண்ணாமலை", "செல்வி", "அரசி", "செல்லமே", "வாணி ராணி" என்று 2018 வரை பெரிய இடைவெளி இல்லாமல் போனது. சுமார் இருபது வருடம், வீட்டுக்கு வீடு இரவுச் சாப்பாட்டு நேரத்தில், கதையின் மையத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி. எந்த சினிமா நடிகைக்கு இந்த நீளம் கிடைத்தது? 1985-ல் வந்த பிரதாப் போத்தன் படத்துக்குப் பணம் போட்டவரும் 1999-ல் ஸ்லாட் எடுத்தவரும் ஒரே ஆள்தான். சினிமா வாழ்க்கை என்று ஒன்று, சீரியல் வாழ்க்கை என்று இன்னொன்று, அப்படி இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் இந்த மனுஷியின் வேலை பாதிகூடத் தெரியாது.

சித்தி டைட்டில் பாட்டு யார் பாடியது?

நித்யஸ்ரீ மகாதேவன். இசை தினா, வரிகள் வைரமுத்து.

"வாணி ராணி"யில் இரட்டை வேடம் தினமும் எப்படி எடுத்தார்கள்? கிராஃபிக்ஸா?

டெய்லி சீரியலில் அதற்கெல்லாம் நேரமில்லை. அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போக இருபது, இருபத்திரண்டு நிமிடம் கதை வேண்டும், அதுவும் தினமும். இந்த மாதிரி வேலைக்குப் பொதுவான வழி டூப்தான். வாணி பேசும்போது ராணியின் உடையில் ஒருவர் கேமராவுக்கு முதுகு காட்டி நிற்பார், தோளும் கூந்தலும் மட்டும் ஃப்ரேமில் இருக்கும். வாணியின் பக்கத்தை முழுக்க எடுத்து முடித்து, உடை மாற்றி, இந்தப் பக்கத்திலிருந்து ராணியை எடுப்பார்கள். இரண்டு பேர் முகமும் ஒன்றாகத் தெரிகிற ஷாட் வேண்டுமென்றால் கேமராவை அசைக்காமல் பூட்டிவைத்து இரண்டு தடவை எடுத்து ஒட்டுவார்கள், அது எப்போதாவதுதான்.

நடிகைக்குக் கஷ்டம் என்னவென்றால், எதிரில் இருக்கும் டூப்பிடமிருந்து உணர்ச்சி ஒன்றும் வராது. ஒரு மணி நேரம் முன்பு தானே வாணியாக எந்தச் சூட்டில் கத்தினோம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ராணியாக வாங்கிக்கொள்ள வேண்டும். வக்கீல் வாணி, குடும்பத்துக்குள்ளேயே நிற்கிற ராணி, இரண்டு பேரும் நிற்கிற விதமே வேறு. சத்தத்தைக் குறைத்துவிட்டு ஏதாவது ஒரு எபிசோட் பாருங்கள், யார் எவர் என்று தெரியும்.

அழுகை தவிர அவருக்கு வேறு என்ன வரும்? காமெடி பண்ணியிருக்கிறாரா?

"இன்று போய் நாளை வா", 1981. பாக்யராஜ் படம். எதிர்வீட்டுப் பெண்ணுக்காக மூன்று பேர் அடித்துக்கொள்வார்கள், ஒருவன் அவளுடைய அப்பாவிடம் இந்தி படிக்கக்கூடப் போவான், அந்தக் காட்சியை இன்றைக்கும் மீம் போட்டுப் பகிர்கிறீர்கள். அந்த எதிர்வீட்டுப் பெண் ராதிகாதான். மீமைப் பகிர்கிறவர்கள் ஒரு தடவை படத்தையும் பார்த்துவிடுங்கள். அப்படியே ரஜினியோடு "மூன்று முகம்" (1982) படத்தையும்.

"சித்தி 2" பழைய கதையின் தொடர்ச்சியா? ஏன் பாதியில் விலகினார்?

தொடர்ச்சி இல்லை, பெயர் மட்டும்தான் பழையது. 2020 ஜனவரியில் தொடங்கியது, 2021 தொடக்கத்தில் அவர் விலகினார், அவர் இல்லாமல் 2022 வரை ஓடியது. ஏன் விலகினார் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள், அவற்றில் எதையும் இங்கே எழுதமாட்டேன்.

"கோடீஸ்வரி" நிகழ்ச்சியில் ஒரு கோடி உண்மையிலேயே கொடுத்தார்களா, செட்டப்பா?

எதற்கெடுத்தாலும் செட்டப் என்று கேட்பதை விடுங்கள். கலர்ஸ் தமிழில் பெண்களுக்காக மட்டும் நடந்த நிகழ்ச்சி. 2020 ஜனவரியில் ஒரு கோடி வென்றவர் மதுரையைச் சேர்ந்த, காது கேளாத, வாய் பேச இயலாத ஒரு பெண். தொகுப்பாளர் ராதிகா கேள்வி கேட்கிற முறையையும், பதிலுக்குக் காத்திருக்கிற முறையையும் அந்த எபிசோடில் கவனியுங்கள். அவசரப்படுத்துவதில்லை, பரிதாபக் குரல் இல்லை, மற்ற போட்டியாளரிடம் காட்டுகிற அதே கண்டிப்பு.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறேன். எதிலிருந்து?

"கேளடி கண்மணி", 1990. வசந்தின் முதல் படம். எஸ்.பி.பி.யோடு ஜோடி. எஸ்.பி.பி. மூச்சு விடாமல் பாடிய அந்தப் பாட்டை மட்டும் எல்லாரும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நீங்கள் முழுப் படத்தையும் பாருங்கள். காது கேளாத பெற்றோரின் மகளான ஒரு டீச்சர், வயது கடந்து வருகிற காதல், அதற்குக் குறுக்கே நிற்கிற எஸ்.பி.பி.யின் சின்ன மகள். சாரதா டீச்சர் குரலை உயர்த்தாமலே படத்தைக் கொண்டுபோவார். அடுத்து பாலு மகேந்திராவின் "ரெட்டை வால் குருவி" (1987), அப்புறம் "சுவாதி முத்யம்", கிடைத்தால் தெலுங்கிலேயே. "கிழக்குச் சீமையிலே"யைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அம்மா வேடம் மட்டும்தானா?

அம்மா வேடம்தான், ஆனால் எல்லாம் ஒரே அம்மா இல்லை. "தெறி"யில் (2016) மகனைக் கிண்டலடிக்கிற அம்மா, "வெந்து தணிந்தது காடு" படத்தில் பிள்ளையை ஊரை விட்டு அனுப்பிவைக்கிற கிராமத்து அம்மா, "லவ் டுடே"யில் இந்தக் காலத்துப் பையனின் அம்மா. கடைசி இரண்டும் ஒரே வருடம், 2022, இரண்டு மாத இடைவெளியில் வந்தவை. ஒரு சனிக்கிழமை இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் அடுத்த முறை எழுதுங்கள். படத்தின் வருடத்தையும் சேர்த்து எழுதுங்கள்.