ஃபுவா கிரா ஏன் பிரான்சின் அடையாளமாகப் பார்க்கப்படுகிறது?

ஃபுவா கிரா என்ற உணவின் பெயருக்குப் பிரெஞ்சில் 'கொழுத்த ஈரல்' என்று பொருள். வாத்துக்கோ பெருவாத்துக்கோ, அறுப்பதற்கு முன் கடைசி இரண்டு வாரம் தொண்டையில் குழாய் விட்டு மக்காச்சோளம் ஊட்டுவார்கள். நெடுந்தூரம் பறக்கும் பறவைகள் பயணத்துக்கு முன் உடலில் கொழுப்பைச் சேமிக்கும். அதாவது, கட்டுச்சோறு கட்டிக்கொள்வது போல. அந்த இயல்பை மனிதர் எல்லை மீறித் தூண்டுவதால் ஈரல் பல மடங்கு வீங்கி, வெண்ணெய் போல மென்மையாகிறது.

சரி, இதில் தேசம் எங்கே வந்தது? பிரான்சின் தென்மேற்கிலும், கிழக்கே உள்ள அல்சாஸ் பகுதியிலும் இது பண்ணை வீட்டுப் பழக்கம். கிறிஸ்துமஸ் விருந்தில் முக்கிய இடம். ஆனால் அடையாளம் இறுகியது எதிர்ப்பால்தான் என்பேன். விலங்கு வதை என்று ஜெர்மனி, இத்தாலி, போலந்து எல்லாம் இப்படி ஊட்டுவதைத் தடை செய்தன. பிரான்சோ 2006-இல், ஃபுவா கிரா தன் பண்பாட்டு, உணவு மரபின் பகுதி என்று சட்டத்திலேயே எழுதிவிட்டது. நம் வீட்டுப் பிள்ளையை நாம் திட்டலாம். அடுத்த வீட்டுக்காரர் திட்டினால் விடுவோமா? அந்தக் கோபம்தான் இது. பிரான்சுக்குள்ளேயே இதை எதிர்ப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அப்புறம், இது பிரெஞ்சுக்காரர் கண்டுபிடிப்பு என்று பலர் நினைப்பது தவறு: எகிப்தின் சக்காராவில் சுமார் 4,500 ஆண்டுப் பழைய கல்லறைச் சுவரிலேயே பறவைக்கு வலிய ஊட்டும் காட்சி இருக்கிறது.