140 கட்டுரை எழுதிய நெறியாளரிடம் மகளைச் சேர்க்கலாமா?

குடியாத்தத்திலிருந்து வந்திருந்த ஐயாவுக்கு வணக்கம்.

சனிக்கிழமை மஞ்சள் பையிலிருந்து எடுத்து என் மேசையில் விரித்தீர்களே, அந்தப் பட்டியல் இன்னும் இங்கேயே கிடக்கிறது. எம்.ஃபார்ம் முடித்த உங்கள் மகள் பிஎச்.டி.க்குச் சேர நினைக்கும் பேராசிரியரின் கட்டுரைகள், மொத்தம் 140. எல்லாம் இரைப்பைப் பாதுகாப்பும் அழற்சியும். "இவ்வளவு எழுதியவரிடம் விட்டால் பிள்ளை கரையேறிவிடும் அல்லவா?" என்று கேட்டீர்கள். வெளியே ஆட்கள் காத்திருந்ததால் பாதி பதில்தான் சொன்னேன். மீதி இது.

துறையைப் பற்றிக் கவலை வேண்டாம். மூட்டுவலிக்கு மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது என்று வீட்டில் சொல்வதாகச் சொன்னீர்கள். அதுதான் இந்தத் துறையின் மையம். வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புராஸ்டாகிளாண்டின் என்ற உடல் வேதிப்பொருள்தான் இரைப்பையின் உட்சுவரையும் காக்கிறது. ஆஸ்பிரின் வகை மாத்திரைகள் அதன் உற்பத்தியையே தடுக்கின்றன என்று மருந்தியலாளர் ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். வயிற்றுக்கு அதிகம் கெடுதல் செய்யாது என்று 1999இல் சந்தைக்கு வந்த ரோஃபெகாக்சிப் என்ற வலிமாத்திரை, மாரடைப்பு அபாயத்தால் 2004இல் திரும்பப் பெறப்பட்டது. வலியும் அடங்க வேண்டும், வயிறும் பிழைக்க வேண்டும், இதயமும் தப்ப வேண்டும். இந்த முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை.

இனிப் பட்டியல். பென்சிலால் நான் கோடிட்ட பதினொரு தலைப்புகளைப் பாருங்கள். எலிக்கு ஏதோ ஒரு செடியின் இலைச் சாற்றைக் கொடுப்பது, பிறகு எத்தனால் என்ற ஆல்கஹாலைப் புகட்டிப் புண் உண்டாக்குவது, இரைப்பையைத் திறந்து புண்ணை அளப்பது. கட்டுரைக்குக் கட்டுரை செடியின் பெயர் மட்டும் மாறுகிறது. நான் விளக்கத் தொடங்குமுன் நீங்களே, "பாவு ஒன்றுதான், ஊடையின் நிறம்தான் வேறு" என்றீர்கள். லுங்கி நெய்தவர் கண்ணுக்கு அது தப்புமா!

அந்த வகைக் கட்டுரையை நான் பழிக்கவில்லை. புதிதாக வரும் மாணவருக்குக் கை பழக அது உதவும். ஆனால் மனிதருக்கு வரும் வயிற்றுப்புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியும் வலிமாத்திரைகளும்தான். புண்ணில் அந்தக் கிருமியின் பங்கை நிரூபிக்க மருத்துவர் பாரி மார்ஷல் 1984இல் அதைத் தானே குடித்துப் பார்த்தார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் கிடைத்தது. ஆகவே, இலையில் உள்ள எந்த வேதிப்பொருள் காக்கிறது, எந்த வழியில், வலிமாத்திரைப் புண்ணிலும் காக்கிறதா என்று அடுத்த படி ஏறிய கட்டுரைகளைத்தான் தேட வேண்டும். என் கணக்கில் ஒன்பது தேறின. அவற்றை மகள் முழுதாகப் படிக்கட்டும். மற்றவற்றைப் புரட்டினால் போதும்.

எச்-குறியீடு 22 என்று பட்டியலின் தலையில் அச்சிட்டிருக்கிறது. 22 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 22 முறை பிறரால் மேற்கோள் காட்டப்பட்டுள்ளன என்று பொருள். "பிறரால்" என்று எழுதிவிட்டேன். தம் கட்டுரையைத் தாமே மேற்கோள் காட்டினாலும் அந்த எண் ஏறும். தரமான ஆய்விதழ்கள் எவை என்று காட்ட யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) வைத்திருந்த கேர் பட்டியலும் 2025இல் கைவிடப்பட்டுவிட்டது. மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் இணையதளமான பப்மெட்டில் ஒவ்வொரு தலைப்பாக இட்டுப் பார்ப்பது இனி மகளின் வேலை. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை என்றால் அங்கேயே எழுதியிருக்கும். எலிச் சோதனைக்கு விலங்கு நெறிக்குழுவின் அனுமதி எண் உள்ளதா என்றும் பார்க்கட்டும்.

எல்லாவற்றையும்விட நான் உற்றுப் பார்ப்பது முதல் பெயரை. இத்துறையில் பெரும்பாலும் உழைத்த மாணவர் பெயர் முதலிலும், நெறியாளர் பெயர் கடைசியிலும் வரும். அந்த ஒன்பதில் நான்கு மாணவர்கள் தெரிகிறார்கள். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? எத்தனை ஆண்டில் பட்டம் வாங்கினார்கள்? இரண்டு பேரிடமாவது பேச வேண்டும். நீங்கள் அல்ல, மகள்தான் பேச வேண்டும்; அப்பாவிடம் யாரும் மனம்விட்டுச் சொல்லமாட்டார்கள்.

இன்னொன்றையும் கேட்கச் சொல்லுங்கள்: இப்போது அவரிடம் எத்தனை பேர் பிஎச்.டி. செய்கிறார்கள்? யுஜிசியின் 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கு மேல் வழிகாட்டக் கூடாது.

ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த ஆய்வுக்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. 1960களில் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஸ்ப்ரூ என்ற குடல்நோய் பரவியபோது, வேலூர் சிஎம்சி ஆய்வாளர்கள் கிராமங்களுக்கே போய் அதைப் படித்தார்கள். பின்னாளில் அதே சிஎம்சியில் ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்கைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ககன்தீப் காங், 2019இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் ஆனார்.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கத் தயங்கினீர்கள். ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய். அது இல்லாமல், நெறியாளரிடம் நிதித் திட்டமும் இல்லாமல் சேர்ந்தால் கைக்காசுதான் கரையும். திட்டம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அந்த மாணவர்களிடம் பேசிவிட்டு மகள் மட்டும் வந்தால் போதும். பட்டியலை எடுத்து வைத்திருக்கிறேன்.