புதுசு புதுசாகக் கேட்கத் துடிக்கும் காலத்தில், கிறிஸ்தவர்கள் பழைய வேத போதனையையே பிடித்துக்கொண்டிருப்பது சரியா?

இந்தத் துடிப்பு ஒன்றும் இன்றைய சமாச்சாரம் இல்லை. புதிய ஏற்பாட்டில் அப்போஸ்தலர் புத்தகத்தின் 17-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அத்தேனே பட்டணத்தார் புதுச் செய்தியைச் சொல்வதிலும் கேட்பதிலுமே பொழுதைக் கழித்தார்கள் என்கிறார் அதை எழுதிய லூக்கா. அங்கே பிரசங்கிக்க வந்த அப்போஸ்தலன் பவுல் அவர்களை ஒதுக்கவில்லை. ‘அறியப்படாத தேவனுக்கு’ என்று எழுதியிருந்த அவர்களுடைய பலிபீடத்திலிருந்தே பேச்சைத் தொடங்கினார், அவர்களுடைய புலவர்களின் வரியையும் எடுத்துச் சொன்னார். ஆனால் இயேசுவின் உயிர்த்தெழுதல் என்று வந்ததும் சிலர் கேலி செய்தார்கள். அந்த ஒரு விஷயத்தை விட்டிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும், அவர் விடவில்லை.

என் பார்வையில் வித்தியாசம் இதுதான்: சொல்லும் விதம் மாறலாம், சொல்லப்படும் விஷயம் மாறக்கூடாது. தரங்கம்பாடியில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க், அந்த ஊருக்கு அன்றைக்குப் புதுசான அச்சு இயந்திரத்தில்தான் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். 1715-ல் அது முடிந்தது.

பழசு என்பதற்காகவே எல்லாவற்றையும் காப்பாற்றவும் வேண்டாம். ஆராதனை நேரம், பாட்டு மெட்டு, உட்காரும் பெஞ்சு, இதெல்லாம் வேதம் அல்ல! (எங்கள் பக்கத்தில் சண்டை பெரும்பாலும் இதற்குத்தான்.)

புதுப் போதனை ஏதாவது காதில் விழுந்தால், அதே அதிகாரத்தில் வரும் பெரோயா ஊரார் வழி எளிது. பவுல் சொன்னதையே அவர்கள் தினமும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். யூடியூப் பிரசங்கத்துக்கும் அதையே செய்யலாம்: சொல்லப்படும் வசனத்தை எடுத்து, முன்னும் பின்னும் முழு அதிகாரத்தையும் வாசியுங்கள்.